சந்தை இல்லாத மருந்து

1

போன மாதம் எங்கள் கம்பெனியில் ஒரு விருந்து நடந்தது. வளர்ப்பு நாய்களுக்கு வரும் அரிப்பை நிறுத்துகிற ஊசிமருந்து ஒன்றுக்கு அரசாங்க அனுமதி கிடைத்துவிட்டதாம். அதைக் கொண்டாட ஷாம்பெய்ன் திறந்தார்கள். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பொன்னிற நாயின் படம். அரிப்பு நின்ற நிம்மதியில் அது சிரிப்பது போலவே இருந்தது. படம் எடுப்பவர் என்னைத் தேடி வந்தார்.

"மதாம் பிலோமின், இதை வளர்த்தது நீங்கள்தானே? நடுவில் வந்து நில்லுங்கள். கொஞ்சம் சிரியுங்கள்."

நடுவில் போய் நின்றேன். சிரிக்கவில்லை. மறுநாள் அந்தப் படத்தை எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள். எனக்கும் சேர்த்து நாய்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். பள்ளிக்கூடம் முடிக்கப் போகிற என் மகள் செலின் அடுப்படி வாசலில் வந்து நின்று பிரெஞ்சில் கேட்டாள். அவள் கேட்பதெல்லாம் பிரெஞ்சில்தான்.

"அம்மா, நாய்க்கும் வலிக்கும்தானே? அது மேல் உனக்கு என்ன கோபம்?"

நல்ல கேள்வி. நாயின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மூலக்குளத்தில் எங்கள் வீட்டிலும் நாய் உண்டு, அதற்கும் அரிப்பு உண்டு. அந்த மருந்து வளர்ந்த தொட்டி எந்தத் தொட்டி என்பதில்தான் என் கோபம். அதை அவளுக்குச் சொல்ல ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆனது. புதுச்சேரியில் இருக்கிற உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதலில் என் வேலை. லியோன் நகரத்துக்கு வெளியே, சோளக்காட்டைத் தாண்டி இருக்கிற ஒரு சிறிய ஆராய்ச்சிக் கம்பெனியில் நான் ஈஸ்ட் வளர்க்கிறேன். ரொட்டி மாவை உப்ப வைக்கிறதே, அந்த ஈஸ்டுக்கு உறவுக்காரன் ஒருவன். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். அவனுக்குள் ஒரு புதிய மரபணுவை வைத்துவிட்டால், அதைத் தன் குடும்பச் சொத்து மாதிரி நினைத்துக்கொண்டு, அதில் எழுதியிருக்கிற புரதத்தைச் செய்து வெளியே கொட்டிக்கொண்டே இருப்பான். இன்சுலினாக இருந்தாலும் செய்வான், நோயைப் பிடித்துக் கட்டிப்போடுகிற ஆன்டிபாடி என்னும் புரதமாக இருந்தாலும் செய்வான். நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், காற்று கொடுக்க வேண்டும், சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தை வளர்க்கிற மாதிரிதான். அதனால்தான் அங்கே எல்லாரும் "வளர்ப்பது" என்கிறார்கள்.

இந்த இடத்துக்கு நான் நேராக வந்துவிடவில்லை. என் கணவர் ஜெரார் வீடு சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. கட்டிக்கொண்டு வந்த எனக்கு உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. பட்டம் இருந்தது. இங்கே அதைச் சமமான படிப்பு என்று ஏற்றுக்கொள்ள ஒரு அலுவலகம், அந்த அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பு கொடுக்க ஒரு அலுவலகம், மொழிபெயர்த்தவரை உறுதிசெய்ய இன்னொரு அலுவலகம். "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று ஒவ்வொரு ஜன்னலிலும் கேட்டார்கள். எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் உண்டு என்றால், அது எப்படி ஒரு ஆளுக்குக் குடும்பம் இல்லாமல் போகும் என்பது போலப் பார்த்தார்கள். இழுபறி முடிகிறவரைக்கும் கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலையில் இருந்தேன். அதே கம்பெனியில்தான். கழுவிக்கொண்டே பக்கத்துத் தொட்டியைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

3

என் தம்பி அந்தோணி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து படகில் மீன்பிடிக்கப் போனவன். நாங்கள் மீனவர்கள் இல்லை. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடினதும் ஆளாளுக்கு ஒரு வேலைக்குச் சிதறினோம். அந்தோணி படகு என்ஜின் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டான். ஓடுகிற என்ஜினைக் கரையில் இருந்தே எத்தனை நாள் பார்ப்பது? ஒருநாள் அவனும் ஏறிவிட்டான்.

செலின் ஆரம்பப் பள்ளியில் இருந்த காலம். வலையைக் கொட்டி மீன் பிரிக்கும்போது அவன் விரலில் ஏதோ சுருக்கென்றதாம். கெளுத்தி முள் என்று நினைத்து உதறிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறான். மீனுக்கு நடுவே, துடுப்பு மாதிரித் தட்டை வாலோடு ஒரு பாம்பு நெளிந்ததை அப்புறம்தான் மற்றவர்கள் பார்த்தார்கள். கடல் பாம்பு கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது. அதுதான் அதன் கொடுமை. கரைக்கு வருவதற்குள் கழுத்தும் தொடையும் கல்லாக இறுகிவிட்டன. கண் இமை தொங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் மூச்சுத் திணறியிருக்கிறது.

அவன் மனைவி லூர்து போன் செய்தபோது நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அக்கா, சிறுநீர் கறுப்பா போவுதுக்கா. டாக்டரு ஏதோ சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களே கேளுங்க" என்று போனை ஒரு டாக்டரிடம் கொடுத்தாள். சின்னப் பெண் குரல். நிதானமாகச் சொன்னார்.

"மேடம், நம்மகிட்ட இருக்கிற பாம்புக்கடி ஊசி நாலு பாம்புக்குத்தான் கேக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை. எல்லாமே தரைப் பாம்பு. கடல் பாம்புக்கு மருந்து இல்ல. மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்கோம், கிட்னிக்கு டயாலிசிஸ் பண்றோம். விஷம் தானா எறங்கற வரைக்கும் ஆளைத் தாங்கிப் பிடிக்கணும். அவ்ளோதான் நம்மால முடியும்."

அவர் மேல் தப்பில்லை. அந்த டாக்டரும் நர்சுகளும்தான் அவனைக் காப்பாற்றினார்கள். ஆஸ்திரேலியாவில் கடல் பாம்புக்கென்று ஒரு மருந்து இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அங்கேயே இருக்கிறது. நம் கடற்கரை முழுக்க இத்தனை பேர் கடலுக்குப் போகிறார்கள், நம்மிடம் ஒரு குப்பிகூட இல்லை.

நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் மெஷினில்தான் இருந்தான். மார்பு மட்டும் ஏறி இறங்கியது. பிணத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். மெஷினை எடுத்த பிறகு, குரல் கரகரக்க அவன் சொன்ன முதல் விஷயம் இது:

"எல்லாம் காதுல வுழுந்துச்சுக்கா. கண்ணுதான் தொறக்க முடியல, கை அசைக்க முடியல. லூர்து செபமாலை சொன்னது, டாக்டரு மருந்து இல்லன்னு சொன்னது, நீ வந்து அழுதது. எல்லாம் கேட்டுச்சு."

"பயந்துட்டியாடா?"

"இன்னா பயம்? கோவம்தான் வந்துச்சு. மருந்து இல்லன்னா என்னா அர்த்தம்? இத்தினி பேரு கடலுக்குப் போறோம். செஞ்சு வெக்கணும்னு ஒருத்தனுக்குமா தோணல?"

கொஞ்சம் தேறியதும் செலினோடு போனில் பேச வைத்தேன். அவளுக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி, "மாமா, பாம்பு உன்னைச் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள். கடித்தது என்ற சொல் அவளுக்கு வரவில்லை. அந்தோணி விழுந்து விழுந்து சிரித்து இருமலே வந்துவிட்டது. "கொஞ்சமா சாப்பிட்டுச்சு கண்ணு. மிச்சம் வெச்சிட்டுப் போயிடுச்சு" என்றான். அவன் சிரித்ததைப் பார்த்துச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதவள் லூர்து.

4

ஒருத்தனுக்குமா தோணல என்ற கேள்வியோடுதான் லியோனுக்குத் திரும்பினேன். பாம்புக்கடி ஊசி இன்றைக்கும் குதிரையிலிருந்துதான் வருகிறது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பைப் பிரித்தெடுப்பார்கள். கடல் பாம்பைப் பிடித்து விஷம் எடுப்பதே பெரும்பாடு, பிடித்தாலும் துளிதான் கிடைக்கும். ஈஸ்டுக்கோ பாம்பும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். விஷத்தைப் பிடிக்கிற நல்ல ஆன்டிபாடி ஒன்றின் செய்முறை ஒரே ஒருமுறை கையில் கிடைத்தால் போதும். அப்புறம் தொட்டி தொட்டியாக வளர்க்கலாம்.

கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் அப்போது இருந்தார். அவர் அறைக்குப் போய்த் தம்பியின் கதையைச் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "இந்த விஷத்தின் முக்கியமான புரதம் சின்னதுதானே? ஈஸ்ட் அதற்குச் சரிப்படும். மற்ற வேலைகள் கெடாமல் செய்யுங்கள்" என்றார். பிரெத்தாஞ் என்னும் கடலோரப் பகுதிக்காரரான யான் என்பவர் என்னோடு சேர்ந்துகொண்டார். அவர் அப்பாவும் மீன்பிடிப்பவர். கடல் என்றால் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

அல்பாக்கா என்று ஒட்டக இனத்தில் ஒரு பிராணி. அதன் உடம்பில் உண்டாகும் ஆன்டிபாடிகளில் சில மிகச் சிறியவை, ஈஸ்டால் சுலபமாகச் செய்ய முடிந்தவை. ஒரு பண்ணை அல்பாக்காவுக்கு உடம்பு கெடாத அளவில் விஷப் புரதத்தைக் கொடுத்து, அதன் கொஞ்சம் இரத்தத்திலிருந்து செய்முறையைப் படித்தெடுத்தோம். எழுத ஒரு வரிதான். செய்ய வருஷங்கள் போயின. ஈஸ்ட் ஒருமுறை புரதத்தைச் செய்யாது. செய்தாலும் வெளியே விடாது. வெளியே விட்டால் தானே அதைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். அப்படி நறுக்கியதைக் கண்டு நான் தமிழில் வைததை எல்லாம் யான் அப்படியே கற்றுக்கொண்டார்.

கடைசியில் அது நடந்தது. விஷம் கொடுத்த சுண்டெலிகள், எங்கள் மருந்து கொடுத்ததும் எழுந்து ஓடின. அந்தச் செய்தி வந்த அன்று யானும் நானும் நடைவழியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தோணிக்குப் போன் செய்தேன்.

"எலி பொழச்சிடுச்சாக்கா?" என்றான். "அப்போ நானும் பொழச்சிருப்பேன், சீக்கிரமாவே." அன்றிலிருந்து அவன் அதை "என் மருந்து" என்றுதான் சொன்னான். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

5

பெரியவர் ஓய்வு பெற்றார். கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. புதிதாக வந்தவர்களில் ஓர் இளைஞர், நல்ல சட்டை, மரியாதையான பேச்சு, எங்கள் வேலைகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டிக்கொண்டே வந்தார். எங்கள் மருந்து வந்ததும் நிறுத்தினார்.

"விஞ்ஞானம் அருமை. ஆனால் இதன் வாடிக்கையாளர் யார்?"

"கடிபட்டவர்கள்" என்றேன்.

"அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?"

"இந்தியாவில், இலங்கையில், இந்தோனேசியாவில். கடலுக்குப் போகிற எல்லா ஏழை ஊரிலும்."

"அதைத்தான் சொல்கிறேன்" என்றார், வருத்தப்படுவது போலவே. "நோயாளிகள் இருக்கிறார்கள். சந்தை இல்லை."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்றேன். இந்த விஷம் நரம்பை எப்படி முடக்குகிறது, முழு நினைவோடு ஒரு மனிதன் எப்படி மூச்சை இழக்கிறான், தன் சாவைப் பற்றிப் பிறர் பேசுவதைத் தானே எப்படிக் கேட்டுக்கொண்டு கிடக்கிறான் என்று சொல்லத் தொடங்கினேன். பிரெஞ்சில் விஷத்துக்கும் மீனுக்கும் நூலிழைதான் வித்தியாசம். 'புவாஸோன்' என்னும் சொல்லில் நடு எழுத்தை வண்டு ரீங்கரிப்பது போல அதிரவிட்டால் விஷம், சும்மா சொன்னால் மீன். நிதானமாக இருக்கும்போது அது எனக்கு வரும். கோபத்தில் என் நாக்கு புதுச்சேரிக்குப் போய்விட்டது. "இந்த மீன் இரத்தத்தில் ஏறி இதயத்தை நோக்கிப் போகிறது" என்று நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஓர் ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் இன்னொருவர். அந்த இளைஞர் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

சாகக் கிடந்த மனிதனைப் பற்றி நான் பேசுகிறேன், அவர்கள் என் உச்சரிப்புப் பிழைக்குச் சிரிக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் பட்ட அவமானங்களில் அதுதான் பெரிது. குடுவை கழுவியபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

யான் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டு, "இப்போது எல்லாருக்கும் புரிந்ததா?" என்று கேட்டார். சிரிப்பு நின்றது. ஆனால் முடிவு மாறவில்லை. எங்கள் தொட்டியைக் கழுவிக் கிருமி நீக்கி, அதில் நாய் மருந்தின் ஈஸ்டை விட்டார்கள். அதை வளர்க்கும் பொறுப்பையும் எனக்கே கொடுத்தார்கள். வீட்டுக் கடன் இருந்தது, செலினின் படிப்பு இருந்தது. வளர்த்தேன். நன்றாகவே வளர்த்தேன்.

6

எங்கள் ஈஸ்ட் உறைகுளிர்ப் பெட்டியில் சின்னக் குழாய்களில் தூங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்கு வேண்டாம் என்றால் எங்கள் ஊரில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். கம்பெனி வழக்கறிஞர் ஓர் அம்மாள். காபி கொடுத்து உட்கார வைத்தார்.

"கொடுக்க முடியாது, மதாம். அது கம்பெனியின் சொத்து."

"தூக்கிப் போடப்போகிற சொத்துதானே?"

"ஆமாம். அழித்துவிடுவோம். ஆனால் அழிக்கிற வரைக்கும் அது சொத்துதான்."

தான் குடிக்காத தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவேன், உனக்குத் தரமாட்டேன் என்கிறார்கள். அதையும் முகம் கோணாமல், சர்க்கரை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே சொல்கிறார்கள். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைத் தெருவில் நிற்க வைத்துக் கேட்பார்கள்.

அழிப்பதற்கு முந்தைய வாரம் யான் என்னை வெளியே அழைத்துப் போனார். "ஒரு சொட்டு. வடிதாளில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால் போதும். ஈஸ்ட் சாகாது. உன் புத்தகத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டு விமானம் ஏறு. யாருக்கும் தெரியாது."

அவர் சொன்னது சாத்தியம்தான். அந்த வாரம் முழுக்க நான் அதையே நினைத்தேன். தாளைக்கூட வெட்டி வைத்தேன். ஆனால் திருட்டு ஈஸ்டிலிருந்து வருகிற மருந்தை எந்த ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்ளும்? எந்த அரசாங்கம் அனுமதிக்கும்? முதல் நோயாளிக்கு ஊசி போடுவதற்குள் வழக்கு வந்துவிடும். அதைவிட இன்னொன்று. நான் செய்ததை நானே ஏன் திருட வேண்டும்? ஊரில் நாளைக்கு யாராவது, மில் தொழிலாளி மகள் வெள்ளைக்காரன் கம்பெனியில் திருடிவிட்டாள் என்று சொன்னால், அந்தோணி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா?

வேண்டாம் என்றேன். குழாய்களைக் கொதிநீராவியில் போட்டு அழித்தார்கள். யான் பார்க்க வரவில்லை. நான் போய் நின்று பார்த்தேன்.

7

போன வருஷம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது கலைவாணியைப் பார்த்தேன். எம்.எஸ்ஸி.யில் எனக்குச் சில வருஷம் இளையவர், இப்போது புதுச்சேரியிலேயே ஓர் ஆய்வகத்தில் ஈஸ்டோடு மல்லுக்கட்டுகிறார். நடந்ததைச் சொல்லிப் புலம்பினேன். அவர் கணினியில் எதையோ தேடிக்கொண்டே கேட்டார்.

"பேட்டன்ட் போட்டாங்களா மேடம்?"

"பெரியவர் இருக்கும்போதே போட்டாச்சு. ஐரோப்பாவுல, அமெரிக்காவுல."

"இந்தியாவுல?"

எனக்குத் தெரியாது. அவர் தேடினார். நெடுநேரம் தேடினார். அப்புறம் சத்தமாகச் சிரித்தார்.

"இல்ல மேடம். போடவே இல்ல. போடறதுக்கான கெடுவும் முடிஞ்சு போச்சு. நம்ம ஊர்ல யாரு காசு குடுத்து வாங்கப் போறாங்கன்னு வுட்டுட்டாங்க போல. ஆன்டிபாடியோட செய்முறை எழுத்து எழுத்தா ஐரோப்பா பேட்டன்ட்டுல அச்சடிச்சுக் கெடக்குது. யாரு வேணா படிக்கலாம். இந்தியாவுல யாரு வேணா செய்யலாம்."

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. எங்களைப் பூட்டி வைக்கிற அளவுக்குக்கூட மதிக்கவில்லை என்பது முதலில் சுட்டது. அப்புறம்தான், கதவு திறந்திருக்கிறது என்பதே உறைத்தது. அந்தச் செய்முறை இருந்தால் மரபணுவைச் செயற்கையாகச் செய்து தருகிறவர்கள் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். கலைவாணி வரவழைத்தார். தன் ஈஸ்டில் ஏற்றினார். நான் ஒரு குழாயையும் தொடவில்லை.

தொடவும் கூடாது, பேசவும் கூடாது. பேட்டன்ட்டில் அச்சானது ஊருக்குச் சொந்தம். ஆனால் அப்புறம் நாங்கள் தொட்டியில் கண்டுபிடித்த நுணுக்கங்கள் எல்லாம் கம்பெனியின் ரகசியம், வேலையை விட்டாலும் பல வருஷம் வாயைத் திறக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கலைவாணிக்கு அது தெரியும். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். வந்து டீ மட்டும் குடிங்க" என்றார்.

அடுத்த தடவை நான் ஊருக்குப் போனபோது முதல் வளர்ப்பு தோற்றிருந்தது. எங்களுக்கு நடந்த அதே கதை. ஈஸ்ட் புரதத்தைச் செய்து, தானே நறுக்கிப் போட்டிருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். எதை மாற்ற வேண்டும் என்று தெரியும். கலைவாணி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவருடைய மாணவிகள் முகம் வாடி நின்றார்கள், நான் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தேன். என் தலையில் இருக்கிற ஒன்று எனக்குச் சொந்தமில்லை என்று சட்டம் சொல்கிறது. என் தம்பியின் உடம்பில் ஏறிய விஷத்துக்கான மறுமொழி, என் வாயிலிருந்து வரக் கூடாது என்கிறது. அன்று அந்த அறையில் உட்கார்ந்திருந்ததைவிட ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது சுலபமாக இருந்தது.

வெளியே வந்ததும் அந்தோணி பைக்கை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். "என்னா ஆச்சு என் மருந்து?" என்றான்.

"சரியா வரலடா."

"உனக்குத் தெரியும்ல எப்பிடின்னு?"

"தெரியும். சொல்லக் கூடாது."

அவன் என்னைப் பார்த்தான். கடிபட்டதிலிருந்து அவனுக்கு ஒரு பக்கத் தோள் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும்; படகு ஏறுவதில்லை, கரையில் என்ஜின் ஷெட்டில்தான் வேலை. "நல்ல நாடுக்கா அது" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான்.

8

நான் திரும்பி வந்து மாதங்கள் ஆகிவிட்டன. நாய் விருந்து முடிந்த அடுத்த வாரம், வேலைக்குக் கிளம்பும்போது கலைவாணி ஒரு படம் அனுப்பியிருந்தார். புரதங்களை எடைவாரியாக ஓடவிட்டு நிறமேற்றிய, ஜெல் என்னும் கூழ்ப்படலம். மற்ற கோடுகள் எல்லாம் மங்கலாக இருக்க, எங்கள் ஆன்டிபாடி நிற்க வேண்டிய இடத்தில் மட்டும், சிதையாமல், தடித்த நீலக் கோடு ஒன்று. கீழே, "நாங்களே கண்டுபிடிச்சோம் மேடம். நீங்க டீ மட்டும்தான் குடிச்சீங்க, அதுக்கு நாலு பேரு சாட்சி" என்று எழுதியிருந்தார். எதை மாற்றினார், எப்படி மாற்றினார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நான் இப்போதும் எழுத மாட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே அந்தோணிக்குப் படத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். அங்கே நண்பகல். பின்னால் என்ஜின் சத்தம், ஆட்கள் சத்தம்.

"இதுதானாக்கா அது? கோடு மாதிரி இருக்குது."

"அதேதான்டா. நம்ம ஊர்லயே வளர்ந்தது."

ஆட்களை விட்டுத் தள்ளி வந்தான் போல, சத்தம் குறைந்தது. அப்புறம், "அக்கா, லூர்துகிட்ட இன்னும் சொல்லல. நான் திங்கக்கெழமையிலேருந்து படகு ஏறப் போறேன்" என்றான்.

"என்னாடா பேசற? ஷெட்டு வேலை என்னா ஆச்சு?"

"எத்தினி நாளுக்குக் கரையிலயே ஸ்பேனர் புடிச்சிக்கினு நிக்கறது? தோளு சரியாயிடுச்சு. கூட்டாளிங்க கூப்புடறாங்க. இப்போதான் மருந்தும் வந்துடுச்சே."

"வரலடா! இது வெறும் கோடு. இனிமேதான் எலிக்குப் போடணும், நிறைய வளர்க்கணும், அனுமதி வாங்கணும், மனுசனுக்குப் போட்டுப் பாக்கணும். வருஷக்கணக்கு ஆகும். பணம் போடறதுக்கு ஆள் கெடைக்கணும். கெடைக்காமலே போனாலும் போயிடும். கேக்கறியா?"

பேருந்து நிறுத்தத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தமிழில் கத்திக்கொண்டிருந்தேன்.

"கேக்குதுக்கா" என்றான். "மொதல்ல ஒருத்தனுக்கும் தோணல. இப்போ அந்த டீச்சருக்குத் தோணியிருக்குது, அவங்க புள்ளைங்களுக்குத் தோணியிருக்குது. செய்யாமயா வுட்டுடுவாங்க? சரி, ஐஸு ஏத்தறாங்க, வெச்சிடறேன்."

என் பேருந்து வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டது. நான் ஏறவில்லை. லூர்துவின் எண்ணைத் தேடி எடுத்து அழுத்தினேன். அவன் கேட்டால் கோபப்படட்டும். எங்கள் வீட்டில் கோபத்துக்கு என்ன பஞ்சம்.